வெளிச்சம் இறங்குற நேரம்

எங்கள் வீட்டுப் புழக்கடைப் படி மேற்கே பார்த்தது. வத்தலக்குண்டில் மேற்கே பார்த்து உட்கார்ந்தால் மலை தெரியும். கொடைக்கானலை முதுகில் சுமந்துகொண்டு படுத்திருக்கும் பழனி மலை. ஊர் இன்னும் இருட்டில் கிடக்க, மலையின் உச்சியில் மட்டும் யாரோ மஞ்சள் பூசிவிட்ட மாதிரி ஒரு கோடு வெளுக்கும். அந்த மஞ்சள் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். பாறையைத் தொடும், காட்டைத் தொடும், கடைசியில் அடிவாரத்துத் தென்னந்தோப்புகளின் தலையில் வந்து உட்காரும். அது இறங்கி வருவதற்கும், அடுப்படியில் அப்பத்தாவின் பித்தளை பில்டரில் டிக்காஷன் இறங்கி முடிவதற்கும் கணக்குச் சரியாக இருக்கும். எங்கள் வீட்டில் அந்த வேளைக்குக் கடிகாரம் பார்த்தவர் யாருமில்லை.

1980களின் தொடக்கம். நான் மூன்றாம் வகுப்போ நான்காம் வகுப்போ. அப்பத்தாவோடுதான் படுத்துக்கொள்வேன். அவளுடைய சேலையில் அடுப்புப் புகையும் வெற்றிலையும் கலந்த ஒரு வாசனை இருக்கும். தூக்கத்தில் அந்த வாசனை பக்கத்தில் இல்லை என்று மூக்குக்குத் தெரிந்துவிட்டால் போதும், எனக்கு முழிப்பு வந்துவிடும். கண்ணைத் திறக்காமலே படுத்துக் கிடந்து, அவள் எங்கே இருக்கிறாள் என்று காதால் தேடுவேன். கிணற்று ராட்டினம் கிறீச்சிடும். வாசலில் சாணித் தண்ணி சளக் சளக்கென்று விழும். பிறகு ஒன்றும் கேட்காது, அப்படியென்றால் கோலம். அதற்கப்புறம் அடுப்படியில் சுள்ளி முறிகிற சத்தம். அது கேட்டதும் எழுந்துவிடுவேன், ஏனென்றால் பால் வாங்கி வருவது என் வேலை.

தூக்குவாளியை எடுத்துக்கொண்டு மூன்று வீடு தள்ளியிருந்த அத்தை வீட்டுத் தொழுவத்துக்குப் போவேன். வைக்கோலும் மூத்திரமும் பருத்திக்கொட்டையும் சேர்ந்த வெதுவெதுப்பான வாசனைக்குள் அத்தை குத்தவைத்துப் பால் பீச்சிக்கொண்டிருப்பாள். காலிச் செம்பில் முதல் பீச்சு விழும்போது 'சிர்ர்' என்று தகரத்தில் மழை பெய்த மாதிரி இருக்கும். செம்பு நிறைய நிறைய, நுரைக்குள் விழுந்து சத்தம் கனத்துப்போகும். செம்பு நிறைந்ததைக் கண்ணால் பார்க்காமலே சொல்லிவிடலாம் என்று நான் கண்டுபிடித்தது அங்கேதான். திரும்பி வரும்போது தூக்குவாளியை வயிற்றோடு அணைத்துக்கொள்வேன். மார்கழிக் குளிரில் அந்தச் சூடு சட்டைக்குள் இறங்கும். அதற்காகவே மெதுவாக நடப்பேன்.

நான் வந்து சேர்வதற்குள் அப்பத்தா பில்டரைக் கழுவித் துடைத்து வைத்திருப்பாள். வெளிப்பக்கம் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்றும், உள்பக்கம் ஈயம் பூசி மங்கிய வெள்ளையாகவும் இருக்கும் அந்தப் பித்தளை பில்டர் எனக்கு ஒரு சின்னக் கோபுரம். ஒன்றின் மேல் ஒன்றாக ரெண்டு அடுக்கு. மேலடுக்கின் அடியில் ஊசி முனை அளவுக்கு ஓட்டைகள். பொடியின் மேல் வைக்க, நடுவில் குச்சி வைத்த ஓர் ஓட்டைத் தட்டு. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மூடி. அப்பத்தா முதலில் கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றிப் பாத்திரத்தை வெதுவெதுப்பாக்குவாள். அதைக் கொட்டிவிட்டுப் பொடி போடுவாள். விரல் கணுவால் பக்கவாட்டில் ரெண்டு தட்டு, பொடி மட்டமாகும். ஓட்டைத் தட்டை மேலே வைத்து லேசாக ஒரு அமுக்கு. "கண்ணு மூடுன பிள்ள நெத்தியில கை வைக்கிற மாதிரி வைக்கணும்யா. அமுக்கிட்டா மூச்சு முட்டும்." கொதித்து அடங்கிய தண்ணீரை வட்டமாக ஊற்றுவாள். மூடியைப் போடுவாள். போட்டுவிட்டால் அதோடு சரி, மறுபடி அந்தப் பக்கம் திரும்பமாட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து புழக்கடைப் படியில் உட்கார்ந்துவிடுவாள்.

இப்படி அவள் உட்கார்வதைத்தான் நான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று இத்தனை தூரம் வந்தேன். அப்பத்தா உட்கார்ந்து நான் பார்த்ததெல்லாம் ஏதாவது வேலையோடுதான். உளுந்து உடைப்பாள், புளி கொட்டையெடுப்பாள், கீரை ஆய்வாள், என் தலையில் பேன் பார்ப்பாள். ரேடியோவில் நாடகம் கேட்கும்போதுகூடக் கை முருங்கைக் கீரையை உருவிக்கொண்டிருக்கும். அந்தக் கை ரெண்டும் மடியில் சும்மா கிடப்பதைப் பார்க்கவேண்டுமென்றால் காலையில் இந்த நேரம் ஒன்றுதான். பேசமாட்டாள். சாமி கும்பிடவும் மாட்டாள். வெற்றிலைகூடப் போடமாட்டாள். மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் போய் ஒட்டி உட்கார்ந்தால், கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவாள், அவ்வளவுதான்.

ஊர் அப்படி அமைதியாக இருப்பதால் அடுப்படியிலிருந்து டிக்காஷன் சொட்டுவது கேட்கும். காலிப் பாத்திரத்தில் முதல் சொட்டு 'டிங்' என்று மணி மாதிரி விழும். அப்புறம் 'டிங், டிங்' என்று அவசரம். கொஞ்ச நேரத்தில் அந்த மணி ஓசை செத்து, 'டொப்' என்று ஒரு கனம் வரும். பிறகு ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவில் இடைவெளி கூடும். ஒரு சொட்டு விழுந்து, அடுத்தது வருமா வராதா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அது வரும். தொழுவத்தில் பால் செம்பைக் காதால் அளந்த எனக்கு இதுவும் பிடிபட்டுவிட்டது. "அப்பத்தா, முடிஞ்சிருச்சு" என்று அவளுக்கு முன்னால் சொல்வதில் எனக்கு அப்படியொரு பெருமை. அவள் மலையைக் காட்டுவாள். வெளிச்சம் தென்னந்தோப்புக்கு வந்திருக்கும்.

இந்தப் பொறுமை எனக்குப் பிறவியில் வந்ததில்லை. ஒருநாள் அரைப்பரீட்சைக்குப் படிக்கிற அவசரமோ என்னவோ, டிக்காஷன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்காக மேலடுக்கைத் தூக்கிவிட்டேன். சூடு விரலில் ஏற, கையை உதற, எல்லாம் தரையில். தூளும் தண்ணீரும் சாணி மெழுகிய தரையில் கறுப்பு ஆறாக ஓடி அம்மிக்குக் கீழே போய் நின்றது. அப்பா வெளித் திண்ணையில் காப்பிக்குக் காத்துக்கொண்டிருந்தார். முதுகில் விழப்போகிற அடிக்காக நான் தோளைக் குறுக்கிக்கொண்டு நின்றேன். அப்பத்தா என் விரலைத் தண்ணீரில் முக்கினாள், தரையைத் துடைத்தாள், மறுபடியும் உலை வைத்தாள், மறுபடியும் பொடி போட்டாள். எதிலும் ஒரு விரற்கடை அவசரம் இல்லை. பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போய்ப் படியில் உட்காரவைத்துச் சொன்னாள்: "நீ பாக்குறதுனால அது வெரசா எறங்காது ராசா. நீ பாக்காட்டி எறங்காமயும் போகாது. நமக்கென்ன, ஒக்காருவோம்."

அந்தக் கள்ளிச்சொட்டு டிக்காஷனில் முதல் ரெண்டு விரற்கடை அவளுக்கு. சுடுதண்ணீர் விட்டுக் கொஞ்சம் கருப்பட்டி தட்டிப் போட்டு வரக்காப்பியாக எடுத்துக்கொண்டு மறுபடியும் படிக்கு வருவாள். டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்து, குடிப்பதற்கு முன்னால் ஒரு தரம் முகத்துக்கு நேரே வைத்து ஆவியை வாங்குவாள். கடைசி ஒரு வாயைக் குடிக்கமாட்டாள். கரையாத கருப்பட்டி அடியில் மணல் மாதிரி கிடக்கும் அந்த ஒரு வாய் எனக்கு. கசப்பு முதலில் வந்து, நாக்கைச் சுருக்கிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இனிப்பு வரும். அதற்கப்புறம்தான் பால் காப்பி, ஆற்றுவது, டவராக்கள், ஒவ்வொருவராக எழுந்து வருவது, வீடு என்கிற சத்தம்.

அந்தக் காப்பிக்கொட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், படியில் உட்கார்ந்து நாங்கள் பார்த்த அதே மலையிலிருந்துதான். அப்பத்தாவின் தம்பிக்குத் தாண்டிக்குடிப் பக்கம் ரெண்டு ஏக்கர் தோட்டம் இருந்தது. எனக்கு அவர் மலைத் தாத்தா. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடி, மரத்தில் ஏறிய மிளகுக் கொடி, நடுநடுவே ஆரஞ்சும் மலைவாழையும். தை மாசியில் பறிப்பு ஓய்ந்ததும் ஒரு விருப்பாச்சி வாழைத்தாரைத் தோளிலும் ஒரு சாக்கைக் கையிலுமாக பஸ்ஸிலிருந்து இறங்குவார். அந்நாளில் விளைந்த கொட்டையைத் தோட்டக்காரர்கள் காப்பி போர்டிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கொஞ்சத்தில் எங்கள் பங்குதான் அந்தச் சாக்கு. பழத்தோடு காயவைத்த கொட்டை. குலுக்கினால் கிலுகிலுப்பை மாதிரி பேசும்.

உரலில் போட்டு இடிப்பார்கள். கறுத்துக் காய்ந்த தோல் உடையும், உள்ளேயிருக்கும் சருகுபோன்ற உறை உடையும், சொளகில் போட்டுப் புடைத்தால் தோல் பறந்துபோய் சாம்பல் பச்சையாகக் கொட்டை மிஞ்சும். அதற்குப் பிறகு வருவதுதான் எனக்குப் பிடித்தது. அப்பத்தா திண்ணையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக் கொட்டையைப் பரப்புவாள். நான் எதிரில் சம்மணம் போட்டு உட்காருவேன். கறுப்பு, சொத்தை, உடைசல், பூச்சி ஓட்டை போட்டது எல்லாவற்றையும் பொறுக்கவேண்டும். நான் ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்ப்பேன். அப்பத்தா என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பாள். அவளுடைய விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும். ஆள்காட்டி விரல் கொட்டைகளைப் புரட்டும், கட்டைவிரல் ஒன்றைச் சுண்டும், சுண்டியது சரியாகச் சொத்தைக் குவியலில் போய் விழும். குனிந்து பார்க்கமாட்டாள். கோழி தானியம் பொறுக்குகிற வேகம். இவ்வளவு வேகம் ஒரு வீட்டுக்காரிக்கு எதற்கு என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. அப்பத்தாக்கள் எல்லோருடைய விரலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நூறு கொட்டை புரட்டினால் சிலது மட்டும் உருண்டையாக அகப்படும். சாதாரணமாக ஒரு பழத்துக்குள் ரெண்டு கொட்டை முகத்தோடு முகம் வைத்து வளரும். அதனால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். சில பழத்தில் ஒன்று மட்டுமே வளர்ந்து, இடம் முழுக்கத் தனக்கே என்று உருண்டு போயிருக்கும். கடைக்காரர்கள் பீபெரி என்பார்கள். அப்பத்தா 'ஒத்தக்கொட்ட' என்பாள். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. "இந்தா, ஒங்க அண்ணன் ஒருத்தன்" என்று அகப்பட்டதையெல்லாம் என் பக்கம் தள்ளுவாள். ஒரு பவுடர் டப்பாவில் போட்டுச் சேர்த்து, ராத்திரி தலைமாட்டில் வைத்துக்கொள்வேன். அத்தனை பேர் என்னோடு இருக்கிறார்கள் என்பது அந்த வயதில் பெரிய தைரியம்.

வாரத்துக்கு ஒருமுறை வறுப்பு. கரி அடுப்பில் இரும்புச் சட்டி. பச்சைக்கொட்டைக்குக் காப்பி வாசனை கிடையாது, கைநிறைய அள்ளி மோந்தாலும் பயற்றம் பருப்பு மாதிரிதான் இருக்கும். சூடேற ஏற முதலில் ஈர வைக்கோல் வாசனை வரும். மஞ்சளாகும், பிறகு ரொட்டி சுடுகிற மாதிரி ஒரு வாசம், பிறகு பழுப்பு. திடீரென்று சட்டிக்குள் 'பட், பட்' என்று வெடிக்கத் தொடங்கும். அப்போதுதான் காப்பி என்று நாம் சொல்லும் அந்த மணம் பிறக்கும். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பத்தா கரண்டியை நிறுத்தமாட்டாள். தான் எதிர்பார்த்த நிறம் வந்ததும் சட்டென்று சொளகில் கொட்டி விசிறுவாள், வெள்ளித் தோல் பூச்சி மாதிரிப் பறக்கும். வறுத்த கொட்டை எடை குறைந்து, பருத்து, லேசாகிவிடும். அதை ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து, வேண்டியதை அன்றன்றைக்குக் கை மிஷினில் அரைப்போம். கைப்பிடியைச் சுற்றுவதும் என் வேலைதான்.

ஒரு கோடையில் அப்பத்தா என்னைத் தாண்டிக்குடிக்குக் கூட்டிப்போனாள். ரெண்டு நாளைக்கு முன்னால்வரை, ஒரு வாரம் கழித்துத்தான் போவோம் என்றிருந்தோம். மலையில் மழை பெய்துவிட்டது என்று தகவல் வந்ததும் கிளம்பிவிட்டாள். காப்பிச் செடிக்கு அது பூ மழை. அந்த மழை நனைத்த சில நாளில் தோட்டம் முழுக்க ஒரே நேரத்தில் பூத்துவிடும், பூத்த சில நாளில் வாடியும்விடும். விடிகாலையில் வெளியே வந்து பார்த்தால் கிளைகளெல்லாம் வெள்ளை. ஓடிப்போய் மூக்கை வைத்தேன். மல்லிகை மாதிரி மணத்தது. எனக்கு ஏமாற்றம். "அப்பத்தா, இதுல காப்பியே இல்ல" என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஒரு பூவைக்கூடப் பறிக்காமல் நின்று கொண்டிருந்தவள் சொன்னாள்: "இருக்குய்யா. இனி ஒம்போது மாசம் காய்க்கணும், பழுக்கணும், காயணும், இடிபடணும், தீயில நிக்கணும். அதுக்கப்புறம் வரும்." அன்றைக்கு அவள் அந்தத் தோட்டத்தில் நின்ற நிலை, எங்கள் புழக்கடைப் படியில் உட்காரும் அதே நிலைதான். கை ரெண்டும் சும்மா இருந்தது.

அப்பத்தா போய்ப் பல வருஷம் கழித்து, மலைத் தாத்தாவுக்கு உடம்பு முடியவில்லை என்று பார்க்கப் போனபோதுதான் மிச்சக் கதை தெரிந்தது. பேச்சுவாக்கில் அவள் விரல் வேகத்தைச் சொன்னேன். "பின்ன? பத்து வயசுல ஒக்காந்தவ" என்றார். பட்டிவீரன்பட்டிப் பக்கம் மலைக்கொட்டையெல்லாம் இறங்கி வந்து, தோல் நீக்கி, தரம் பிரித்து மூட்டையாகிற இடம். அங்கே ஒரு காப்பிக் கிடங்கில் கொட்டை பொறுக்குகிற பெண்களின் வரிசையில், பாவாடை கட்டிய வயதிலிருந்து கல்யாணம் ஆகும்வரை அப்பத்தா உட்கார்ந்திருக்கிறாள். விடியும் முன்னே நடந்து போகவேண்டும். குனிந்த தலை நிமிரக்கூடாது. பேசக்கூடாது. பொறுக்கின எடைக்குக் கூலி, அதனால் விரல் நிற்கவும் கூடாது. "நாள் முச்சூடும் கையில காப்பிக்கொட்டதான். ஆனா வீட்டுல ஏது காப்பி? காலையில நீச்சத்தண்ணிய குடிச்சிட்டு ஓடும். கல்யாணமாகி ஒங்க வீட்டுக்கு வந்தப்புறந்தான் அக்கா காப்பிய வாயில வச்சது." தமிழ்நாட்டில் நீராகாரம் இருந்த இடத்துக்குக் காப்பி வந்து சேர்ந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபோது, அந்தப் பெரிய கதை முழுவதும் எங்கள் அப்பத்தா ஒருத்தியின் உள்ளங்கை வழியாகப் போயிருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குத்தான் அந்தப் படி எனக்குப் புரிந்தது. தலை நிமிராமல் வளர்ந்த ஒருத்தி, தினமும் ஒருதரம் நிமிர்ந்து மலையைப் பார்த்தாள். நிற்காத விரல்களை மடியில் போட்டுக்கொண்டாள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கு அந்த வீட்டில் அவளுக்கு அனுமதி கொடுக்க யாருமில்லை, டிக்காஷன் கொடுத்தது. அது இறங்கும்வரை யாரும் அவளை எதுவும் கேட்க முடியாது, ஏனென்றால் காப்பி இன்னும் ஆகவில்லை. பில்டரின் அந்தப் பொடிப் பொடி ஓட்டைகளின் வழியே சொட்டியதெல்லாம் அவளுடைய நேரம்தான். அதில் ஒட்டி உட்கார எனக்கு இடம் விட்டாளே, அதற்கு நான் என்ன கைம்மாறு செய்யமுடியும்?

வேலைக்காகச் சென்னைக்கு வந்தேன். தி. நகர் பாண்டி பஜாருக்கு அந்தப் பெயர் ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனார் நினைவாக வந்தது என்று ஒருநாள் தெரிந்தது. பட்டிவீரன்பட்டிக்காரர், காப்பித் தோட்டக் குடும்பம். அந்தக் கூட்ட நெரிசலுக்கு நடுவே நின்றபோது, எங்கள் ஊர்ப் பக்கத்து மலைக் காற்று ஒரு நொடி அடித்துவிட்டுப் போன மாதிரி இருந்தது. மற்றபடி இந்த ஊரில் எனக்குப் பார்த்துக்கொண்டிருக்க மலை கிடையாது. பல வருஷம் நின்றுகொண்டே காப்பி குடித்தேன், அவசரமாகக் குடித்தேன், என்ன குடித்தோம் என்று தெரியாமலே டம்ளரை வைத்துவிட்டு ஓடினேன்.

பிறகு அப்பத்தாவின் பில்டரை ஊரிலிருந்து கொண்டுவந்தேன். ஈயம் பூசுகிறவரைத் தேடிப் பிடிப்பதற்குள் ரெண்டு மாதம் ஆனது. தெருவெல்லாம் 'ஈயம் பூசறதூ' என்று கூவிக்கொண்டு போன தொழில். இப்போது அவரிடம் நாம் போகவேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் வீட்டில் நான்தான் முதலில் எழுகிறேன். கொட்டையை அரைப்பதற்கு முன்னால் ஒரு பிடியைத் தட்டில் பரப்பி விரலால் புரட்டுகிறேன். கடைக்கொட்டை, மிஷின் பொறுக்கியது, சொத்தை எதுவும் அகப்படாது. ஆனாலும் புரட்டுகிறேன். வட்டமாகத் தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டு, போனை உள்ளேயே விட்டுவிட்டு, பால்கனியில் ஒரு முக்காலியில் உட்காருகிறேன்.

என் பால்கனியும் மேற்கே பார்த்தது. எதிரே நாலு மாடிக் கட்டடம் ஒன்று வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. வந்த புதிதில் அதன்மேல் எனக்குக் கோபம். ஒரு நாள் சும்மா உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன்: அதன் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் தலையில் மஞ்சளாக ஒரு கோடு. பார்த்துக்கொண்டே இருந்தேன். கைப்பிடிச் சுவருக்கு இறங்கியது. நாலாம் மாடி ஜன்னலுக்கு வந்தது. மூன்றாம் மாடியில் ஒரு துளசித் தொட்டியைத் தொட்டது. உள்ளே, காலிப் பித்தளையில் மணியடித்துக்கொண்டிருந்த சொட்டு கனத்துப்போய், இடைவெளி கூடி, ஒன்று விழுந்து, அடுத்ததற்கு நான் காத்திருந்தபோது, வெளிச்சம் ரெண்டாம் மாடிக் கொடியில் காய்ந்த ஒரு சின்னச் சட்டைக்கு வந்து சேர்ந்திருந்தது.

கணக்கு அப்படியேதான் இருக்கிறது.

எழுந்துபோய் வரக்காப்பி கலந்துகொண்டு வருகிறேன், கருப்பட்டி போட்டு. ஆவியை ஒருதரம் முகத்துக்கு வாங்கிக்கொண்டு மெதுவாகக் குடிக்கிறேன். அடியில் ஒரு வாய் மிச்சம் வைத்து டம்ளரை முக்காலிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். உள்ளே மகள் பாயில் புரளும் சத்தம் கேட்கிறது. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறேன்.